தனி நாள் வேண்டாம். அந்தத் தாயை மறுபடி அழையுங்கள்

கேள்வி: நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காகச் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேர விளையாட்டுக் குழு நடத்துகிறோம். கட்டணம் கிடையாது, யாரும் வரலாம், பெற்றோரும் கூடவே இருப்பார்கள். சில வாரங்களுக்கு முன் மூன்று வயது மகனுடன் ஒரு தாய் வரத் தொடங்கினார். சிறுவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். பாட்டு ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். ஒருநாள் இன்னொரு குழந்தையைத் தள்ளிவிட்டான். அந்தக் குழந்தையின் அம்மா எங்களிடம் கோபப்பட்டார். அதன் பிறகு சிறுவனின் தாய் வருவதில்லை. ‘இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று மாதத்தில் ஒருநாள் தனியாக நடத்தலாமே’ என்கிறார்கள் குழுவில் சிலர். எங்களில் யாருக்கும் பயிற்சி இல்லை. தவறாக ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

– ஒரு தன்னார்வலர்

பதில்: தனி நாள் வேண்டாம். அந்தத் தாயை மறுபடி அழையுங்கள். ஆனால் அவரை அழைப்பதற்கு முன்பு உங்கள் சனிக்கிழமைக் காலையில் சில மாற்றங்களைச் செய்தாக வேண்டும். எதுவும் மாறாத கூடத்துக்கு அவரைத் திரும்பக் கூப்பிட்டால், பட்ட அவமானத்தை இன்னொரு முறை படக் கூப்பிட்டதாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் சிறுவனைப் பற்றி நிறைய இருக்கிறது. தாயைப் பற்றி, அவர் வருவதில்லை என்பது மட்டும்தான் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும்? மற்ற பெற்றோர் பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அவர் மகன் பின்னாலேயே ஓடியிருப்பார். ஒரு கண் அவன் மேல், ஒரு கண் கதவின் மேல். கையில் எடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூட நேரம் இருந்திருக்காது. பொம்மையை அவன் பிடுங்கினால் ஒரு மன்னிப்பு, கத்தினால் ஒரு மன்னிப்பு. எனது பணியில் இத்தகைய பெற்றோரை வாரம் தவறாமல் சந்திக்கிறேன். குழந்தைக்கு ஒத்துவராததால் நின்றவர்களைவிட, தங்களால் அந்தப் பார்வைகளைத் தாங்க முடியாமல் நின்றவர்கள்தான் அதிகம். எனவே ஒரு விளையாட்டுக் குழு எல்லோருக்குமானதா என்று என்னிடம் கேட்டால், அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்க மாட்டேன். அங்கே வந்த மிகக் களைத்த தாயாலோ தந்தையாலோ பத்து நிமிடம் உட்கார முடிந்ததா என்று கேட்பேன். நீங்கள் செய்யப்போகும் எல்லா மாற்றங்களுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தனி நாள் யோசனையைச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் அதன் விளைவை நினைத்துப் பாருங்கள். வாரந்தோறும் நடப்பது மாதம் ஒருமுறையாகச் சுருங்கும். பேச்சு வராத குழந்தை, பேசும் குழந்தைகள் இல்லாத இடத்தில் விளையாடும். மற்ற குழந்தைகளோ பேசாத ஒருவனோடு எப்படி விளையாடுவது என்று கற்றுக்கொள்ளாமலேயே பள்ளிக்குப் போவார்கள். இந்த விவாதம் புதிதும் அல்ல. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்காக 1965இல் தொடங்கிய ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்தில், குறைந்தது 10 சதவீத இடங்கள் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று 1972இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லோரும் வரலாம் என்று சொல்வதாலேயே அந்தக் குழந்தைகள் வந்துவிடுவதில்லை என்பதை அப்போதே உணர்ந்திருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. அதன் 30ஆவது பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்ற குழந்தைகளுக்குச் சமமாகப் பங்கேற்பதை இந்தக் குழந்தைகளின் உரிமை என்றே சொல்கிறது. நீங்கள் அவனுக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை என்பதை உங்கள் குழுவினருக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இத்தகைய குழந்தைகளின் பெற்றோர் தங்களுக்குள் சந்தித்துப் பேச விரும்பினால், அதற்கு இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுங்கள். மனம்விட்டுப் பேச அவர்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் அது அவர்களாகக் கேட்டு நடக்க வேண்டும். சனிக்கிழமைக்குக் கூடுதலாக நடக்க வேண்டும்.

இனி அந்தத் தாயிடம் பேசுவது பற்றி. குழுவுக்குப் பொதுவாக அனுப்பும் செய்தி போதாது. அவருக்கு ஓரளவு பழக்கமான ஒருவர், முடிந்தால் நீங்களே, தொலைபேசியில் பேசுங்கள். “உங்களையும் பையனையும் காணோமே என்று தேடினோம்” என்று ஆரம்பித்தால் போதும். “அன்றைக்கு நடந்ததில் உங்களைத் தனியாக விட்டுவிட்டோம், வருந்துகிறோம்” என்றும் சொல்லுங்கள். “அவனுக்கு என்ன பிரச்சினை?” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒருவேளை அவரிடமே இன்னும் பதில் இல்லாமல் இருக்கலாம். பதில் இருந்தாலும் உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. உங்களுக்குத் தேவையானவை வேறு கேள்விகள். அவனுக்கு எது பிடிக்கும்? எது தொந்தரவு? கோபமோ பயமோ வரப்போகிறது என்பதை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அப்போது வீட்டில் என்ன செய்வீர்கள்? கடைசியாக ஒன்று: நீங்கள் எதை எதிர்பார்த்து எங்களிடம் வந்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு, ‘அவன் மற்ற குழந்தைகளோடு பழக வேண்டும்’ என்ற பதில் வரலாம். ‘எனக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது’ என்றும் வரலாம். இரண்டுக்கும் நீங்கள் செய்ய வேண்டியவை வெவ்வேறு.

அடுத்து, கூடம். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி இங்கேதான் தீரப்போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயல்பாட்டு வகைப்பாடு, ஒருவருடைய இயலாமையை அவர் உடம்புக்குள் மட்டும் தேடுவதில்லை. சுற்றியிருக்கும் சூழலையும் கணக்கில் எடுக்கிறது. உங்கள் பாட்டு நேரத்தை அப்படிப் பாருங்கள். காலியான சுவர்களும் உயரமான கூரையும் கொண்ட கூடங்கள் சத்தத்தை எதிரொலிக்கும். அதில் ஒலிபெருக்கி, இருபது பேரின் கைதட்டல், எப்போது தொடங்கும் எப்போது முடியும் என்று தெரியாத ஓசை. ஓசைகளைக் கூர்மையாக உணரும் குழந்தை காதைப் பொத்திக்கொள்வதை அடம் என்று எப்படிச் சொல்ல முடியும்? தன்னிடம் இருக்கும் ஒரே வழியில் தன்னைக் காத்துக்கொள்கிறான்.

ஆகவே ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள்; வாயால் பாடுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே பாட்டில் ஆரம்பித்து அதே பாட்டில் முடியுங்கள். தரையில் பாயோ கம்பளமோ விரித்து, சன்னல்களில் திரை போட்டால் எதிரொலி கணிசமாகக் குறையும். பாட்டு தொடங்குவதற்கு முன் அவனிடம் சொல்லுங்கள், சொல்லும்போது ஒரு படத்தையும் காட்டுங்கள். வட்டத்தில் உட்கார வேண்டும் என்று எந்தக் குழந்தையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். அவன் கூடத்தின் மறுகோடியில் நின்று பார்த்தால் அதுவும் பங்கேற்புதான். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் சிறு குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து 1932இல் எழுதிய வகைப்பாட்டில், ஒதுங்கி நின்று மற்றவர்களை வேடிக்கை பார்ப்பதற்கும் பக்கத்தில் இருந்தபடி தனித்தனியே விளையாடுவதற்கும் இடம் கொடுத்திருக்கிறார். மூன்று வயதில் எல்லாக் குழந்தைகளிடமும் காண்பதுதான் இவை. சில வாரங்கள் கழித்து, கிலுகிலுப்பைகளை எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கும் வேலையை அவனிடம் தந்து பாருங்கள். சத்தம் எப்போது வரும் என்பதைத் தானே தீர்மானிக்கும்போது பல குழந்தைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். அவனும் அப்படித்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முயன்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலை நிகழ்ச்சியின் ஒழுங்கை நான்கைந்து புகைப்படங்களாக, திருப்பி வைக்கும்படி ஓர் அட்டையில் பொருத்தி, குழந்தையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். செருப்பைக் கழற்றும் இடம், விளையாட்டு, பாட்டு, சிற்றுண்டி, வீட்டுக்குப் போவது என்று உங்கள் கூடத்திலேயே எடுத்த படங்கள். முடிந்த நிகழ்ச்சியின் படத்தை ஒரு குழந்தை திருப்பி வைக்கட்டும். அடுத்து என்ன என்று தெரியாத பதற்றம் இதனால் குறையும். மொழி புரியாத குடும்பத்துக்கும், முதல்நாள் வந்து விழித்து நிற்கும் குழந்தைக்கும் அதே அட்டை உதவும். படத்தையும் சைகையையும் பயன்படுத்தினால் பேச்சு வராமலே போய்விடும் என்று யாராவது எச்சரிக்கக்கூடும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பேச்சுக்கு அவை தடையாவதில்லை. சில குழந்தைகளிடம் பேச்சு வளரவும் அவை உதவியிருக்கின்றன.

ஒரு மூலையில் துணியால் சின்னக் கூடாரம் கட்டி, உள்ளே இரண்டு தலையணைகள் போடுங்கள். அது அந்தச் சிறுவனுக்கான இடம் என்று பெயர் வைக்காதீர்கள். சத்தம் போதும் என்று தோன்றும் எந்தக் குழந்தையும் போய் உட்காரட்டும். யாரையும் தண்டனையாக அங்கே அனுப்பவும் கூடாது. ஓடுகிற குழந்தைக்கு, பெஞ்சையும் பாயையும் கொண்டு ஓடுவதற்கென்றே ஒரு பாதை அமைத்துக் கொடுங்கள். சும்மா இருந்த இரண்டு பேர் அவன் பின்னால் சேர்ந்து ஓடுவார்கள், அது தானாகவே கூட்டு விளையாட்டாகிவிடும். எல்லாவற்றுக்கும் முதலில், கதவு. குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். இரண்டு மணி நேரமும் முறை வைத்துக்கொண்டு ஒருவர் கதவருகே இருக்கட்டும். அந்தத் தாய் உட்கார முடியாமல் போனதற்கு அந்தக் கதவே முக்கியக் காரணமாக இருந்திருக்கலாம்.

தள்ளிவிட்ட சம்பவத்துக்கு வருகிறேன். மூன்று வயதுக் குழந்தைகள் தள்ளுவார்கள், கடிப்பார்கள், பிடுங்குவார்கள். பேசத் தெரிந்த குழந்தை “இது என்னுடையது, போ” என்று சொல்லும். பேச்சு வராதவன் கையால் சொல்கிறான். அடுத்த முறை நடந்தால், அதற்கு முந்தைய அரை நிமிடத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். யாராவது அவன் பொருளை எடுத்தார்களா, பின்னாலிருந்து நெருங்கினார்களா, கூட்டம் நெரிந்ததா? காரணம் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். கையை நீட்டிக் கேட்பது, உள்ளங்கையைக் காட்டி ‘நிறுத்து’ என்பது போன்ற இரண்டு மூன்று சைகைகளை எல்லாக் குழந்தைகளுக்கும் பாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இங்கே நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவறு இருக்கிறது. அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு தன்னார்வலரை நியமித்து, அவர் நிழல் போல ஒட்டிக்கொண்டே திரிவது. பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் நின்றால் வேறு குழந்தைகள் நெருங்க மாட்டார்கள். உதவியாளர் அருகில் இருக்கலாம், ஆனால் அந்த இடத்தில் இருக்கும் நாலைந்து குழந்தைகளுக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும். குழந்தைகள் இடையே பாலம் போட்டுவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். பிலிப் ஸ்ட்ரெய்ன் என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கிய ‘லீப்’ என்ற முன்பருவப் பள்ளித் திட்டத்தில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் மற்ற குழந்தைகளும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். ஆட்டிசம் உள்ள நண்பனை எப்படி விளையாட்டுக்கு அழைப்பது என்று மற்ற குழந்தைகளுக்குத்தான் அங்கே பயிற்சி கொடுத்தார்கள். எதிரில் போய் நில், பொம்மையை அவன் கையில் கொடு, பதில் வரும்வரை காத்திரு, வராவிட்டால் இன்னொரு முறை கூப்பிடு. நான்கு வயதுக் குழந்தைக்கு இவ்வளவும் சொல்லிக் கொடுக்க முடியும். அவர்கள் பெரியவர்களைவிடப் பொறுமையாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

“அவன் ஏன் பேச மாட்டேன் என்கிறான்?” என்று குழந்தைகள் கேட்பார்கள். வாயை மூடச் சொல்லாதீர்கள். “அவனுக்கு இன்னும் பேச வரவில்லை. வேண்டும் என்றால் கையைக் காட்டுவான், பார்” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். கேட்ட குழந்தை திருப்தியாகி விளையாடப் போய்விடும்.

பெற்றோரிடம் பேசுவதுதான் கடினம். கோபப்பட்ட அந்த அம்மாவை முதலில் தனியாகச் சந்தித்து அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் குழந்தைக்கு வலித்திருக்கிறது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கூடத்தில் என்ன மாற்றம் செய்திருக்கிறீர்கள் என்பதை அவரிடம் விவரியுங்கள். சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அவன் வளர்ச்சி, குடும்பம், மருத்துவம் எதையும் மற்றவர்களிடம் விளக்க உங்களுக்கு உரிமையில்லை, அது அவன் தாயின் காதுக்குப் போய்ச் சேர்ந்தால் அத்தோடு உறவு முறிந்துவிடும். எல்லோருக்கும் சொல்ல வேண்டியது பொதுவானது: “இங்கே வெவ்வேறு விதமாக வளரும் குழந்தைகள் வருகிறார்கள். யார் குழந்தைக்கு உதவி தேவைப்பட்டாலும், அருகில் இருக்கும் பெரியவர் உதவுவார். யாருக்காவது அடிபட்டால் உடனே எங்களிடம் சொல்லுங்கள்.” ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் இதைச் சொல்லுங்கள். கோபப்பட்ட அம்மா அதற்குப் பிறகும் ‘அந்தப் பையன் வந்தால் நாங்கள் வர மாட்டோம்’ என்றால், அந்த முடிவை அவர் எடுக்கட்டும். நீங்கள் அவருக்காக இன்னொரு குடும்பத்தை நீக்கக் கூடாது. இந்த ஓர் இடத்தில் உறுதியாக நில்லுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

பயிற்சி இல்லையே என்ற உங்கள் பயத்துக்கு என் பதில்: நீங்கள் சிகிச்சை அளிக்கப்போவதில்லை. அதை முயலவும் வேண்டாம். முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்க்க வைப்பது, ‘சொன்னால்தான் தருவேன்’ என்று பொருளை மறைத்துக்கொள்வது, இணையத்தில் பார்த்த பயிற்சிகளைச் செய்து பார்ப்பது, இவற்றைத் தவிர்த்துவிட்டால் நீங்கள் பயப்படும் தவறுகளில் பெரும்பாலானவை நேராது. விளையாட்டு, வழக்கம், வரவேற்பு ஆகிய மூன்றும் உங்களால் கொடுக்க முடிந்தவை. குழந்தைகளுடன் வேலை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர் அல்லது சிறப்பாசிரியர் ஒருவரை ஒரு சனிக்கிழமை வரவழைத்து, குழந்தையைப் பரிசோதிக்காமல் உங்கள் கூடத்தை மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொல்லுங்கள். பலர் மகிழ்ச்சியோடு வருவார்கள். எல்லாக் குழந்தைகளைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டிய சில உண்டு: வலிப்பு வருமா, ஒவ்வாத உணவு ஏதும் உண்டா, விழுங்குவதில் சிரமம் உண்டா, அவசரத்தில் யாரை அழைப்பது. வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல்முறையாக வரும் வலிப்பு என்றாலோ, ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ ஆம்புலன்ஸை அழைத்துவிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் வாய் திறந்தாக வேண்டியிருக்கலாம். மூன்று வயதில் பேச்சு வராத குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை அவசியம். ஓசைக்குக் காதைப் பொத்துகிறானே, அவனுக்குக் காது நன்றாகத்தானே கேட்கும் என்று விட்டுவிட முடியாது. சில ஓசைகள் மட்டும் கேளாமல் இருக்க வாய்ப்பு உண்டு. தாய் தானாகவே பேச்சு பற்றிக் கவலைப்பட்டுப் பேசும்போது, “மருத்துவரிடம் காட்டினீர்களா, காது பரிசோதித்தார்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் எங்கே போகலாம் என்று விசாரித்துச் சொல்லுங்கள், தேவையானால் கூடப் போங்கள். ‘சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், பொறுங்கள்’ என்று ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஆறுதல் சொல்லிச் சொல்லியே கழிந்த மாதங்களை என் அறையில் எத்தனையோ பெற்றோர் அழுதுகொண்டே எண்ணியிருக்கிறார்கள். நோயின் பெயரைச் சொல்லும் வேலையை மட்டும் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இந்த ஒரு குழந்தைக்காக இத்தனை மாற்றமா என்று குழுவில் கேட்பார்கள். உலகில் 17 வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 24 கோடிப் பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, ஏதோ ஒரு விதமான மாற்றுத்திறன் இருப்பதாக யூனிசெஃப் 2021இல் மதிப்பிட்டது. ஐந்து வயதுக்குள் பலருக்கு அது கண்டறியப்பட்டிருக்காது. எனவே உங்கள் பாயில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெற்றோரில் யாராவது, சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு, அந்தத் தாயை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வராதவர்களைப் பற்றியும் யோசியுங்கள். படிவத்தில் ‘தாய் பெயர்’ என்று மட்டும் இருந்தால் அழைத்துவரும் தந்தையும் பாட்டியும் ஒதுங்கி நிற்பார்கள். ஆறு வயது அண்ணனுக்கு அனுமதி இல்லை என்றால் குடும்பமே வராது. படிக்கட்டு, சக்கர நாற்காலி, சனிக்கிழமை வேலை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வரவே முடியாத வீடுகளுக்கு நீங்களே போகலாம். 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் தொடங்கிய திட்டம் அப்படிப்பட்டதுதான். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய், குழந்தையோடு என்ன செய்யலாம் என்று பெற்றோருடன் சேர்ந்து திட்டமிட்டார்கள். பல நாடுகளுக்கு அது பரவியது. நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை; ஒரு பை நிறைய பொம்மைகளோடு மாதம் ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போனாலே பெரிய காரியம்.

கடைசியாக, அந்தத் தாய் வர மறுத்தால்? அதற்கும் இடம் கொடுங்கள். ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில், குழுவினர் மட்டும் இருக்கும்போது, அவரும் மகனும் வந்து கூடத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். பிறகு சனிக்கிழமையில் முதல் இருபது நிமிடம் மட்டும் வந்துவிட்டுப் போகட்டும். சத்தம் சேருவதற்கு முன்னரே, நல்ல மனநிலையில் இருக்கும்போதே அவனைக் கிளம்பச் சொல்லுங்கள். அடுத்த வாரம் சற்று நேரம் கூட்டிக்கொள்ளலாம். இதற்கும் ‘இப்போது வேண்டாம்’ என்றால் வற்புறுத்தாதீர்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை அழைத்துப் பாருங்கள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் தாழ்ப்பாளையும் ஒலிபெருக்கியையும் வரும் சனிக்கிழமைக்கு முன்பே கவனித்துவிடுங்கள்.